20 படுக்கைக்கு 24 சிஸ்டர் போதுமா?

ரோஸ்டர்க்காரன் · 7 ஜூன் 2025, காலை 10.15
கேரளத்துல மறுபடியும் கோவிட் எண்ணிக்கை ஏறுது. மார்த்தாண்டம் பக்கம் 30 படுக்கை ஆஸ்பத்திரி ஒண்ணுக்குத் தயார்நிலைத் திட்டம் எழுதணும். 20 படுக்கையை ஆக்சிஜன் வார்டா ஒதுக்குறதா யோசனை. சிஸ்டர்மார் 24 பேர் உண்டு. ஆறு மணி நேர ஷிப்ட், ஒரு நாளைக்கு நாலு, ஷிப்டுக்கு அஞ்சு பேர். 20 ஆச்சு, நாலு பேர் கையிருப்பு. கணக்கு சரியாத்தான வருது? கடைசியில 'பணியாளர் நலன்'னு ஒரு தலைப்பு இருக்கு. யோகா, கவுன்சிலிங்னு ரெண்டு வரி போட்டா போதும்னு நினைக்கேன்.

மூணாம் ஷிப்ட் · 7 ஜூன், 10.52
வார ஆஃப் எங்க சார்?

மூணாம் ஷிப்ட் · 7 ஜூன், 11.40
கேட்டுட்டு மட்டும் போகக் கூடாதுல்லா, கணக்கையும் போட்டுருதேன். இந்திய நர்சிங் கவுன்சில் சாதாரண வார்டுக்குச் சொல்றது அஞ்சு நோயாளிக்கு ஒரு சிஸ்டர், அது போக 30 சதவீதம் விடுப்புக் கையிருப்பு. 20 படுக்கைன்னா ஷிப்டுக்கு நாலு, நாளைக்கு 16. 2020-ல நடந்த மாதிரி ஏழு நாள் வேலை, ஏழு நாள் தனிமைன்னு வச்சா ரெண்டு அணி வேணும், 32. அதுக்கு மேல 30 சதவீதம், 42. உங்க கையில 24. திருப்பிப் போட்டுப் பாத்தா 24 பேரை வச்சு 10 படுக்கைதான் ஓட்டலாம்.

அஞ்சுக்கு ஒண்ணுங்கதும் மூக்குல குழாய் வச்சுப் படுத்திருக்க ஆளுக்குத்தான். பைபாப், ஹை ஃப்ளோன்னு மூச்சுக்கு உதவுற மெஷின் வந்தா ரெண்டுக்கு ஒண்ணு, வெண்டிலேட்டர்னா ஒண்ணுக்கு ஒண்ணு. தொண்டைக்குள்ள குழாய் போட்ட நோயாளியைக் கவுத்துப் படுக்க வைக்க ஒரு தடவைக்கு நாலஞ்சு கை வேணும். அந்தக் கால் மணி நேரம் மத்த படுக்கையை யார் பாப்பா?

தோவாளைப் பூ · 7 ஜூன், மதியம் 1.05
அந்த ஏழு நாள் தனிமையை நிரந்தரம்னு எடுத்துக்காதீங்க. 2020 மே 15 அன்னைக்கு மத்திய சுகாதார அமைச்சகமே அதைக் குறைச்சுது: பாதுகாப்பு உடையில ஓட்டை, கிழிசல்னு ஆபத்து அதிகமான தொடர்பு ஏற்பட்டவங்களுக்கு மட்டும் தனிமை. டாக்டர்மார் உச்ச நீதிமன்றத்துக்குப் போனாங்க. தனிமை நாளை லீவுல கழிக்கக் கூடாது, வேலை நாளாவே எண்ணணும்ங்கது 2020 ஜூலை கடைசியில அங்க முடிவாச்சு. இந்த ஒரு வரியை உங்க திட்டத்துல எழுதிப் போடுங்க. இல்லேன்னா தொண்டை கரகரன்னு இருக்கவங்க சம்பளத்துக்குப் பயந்து சொல்லாம வேலைக்கு வருவாங்க, வார்டே படுத்துரும்.

மூணாம் ஷிப்ட் · 7 ஜூன், 1.31
அப்போ நான் போட்டது கூடிப்போச்சு, திருத்திக்கிடுதேன். தனிமை இல்லாம, வாரம் ஒரு ஆஃப் மட்டும்னு வச்சா 16 × 7 ÷ 6 = 18.7. அதுக்க 30 சதவீதம் கூட்டினா 24.3. சார் சொன்ன 24-தான்! வந்த வழி தப்பு, வந்து சேந்த இடம் சரி.

ரோஸ்டர்க்காரன் · 7 ஜூன், 1.33
அப்பாடா.

மூணாம் ஷிப்ட் · 7 ஜூன், 1.48
அப்பாடா போடாதீங்க. 24 சரி, யாருமே படுக்காத ஊர்ல. மூணு பேருக்குப் பாசிட்டிவ் வந்து ஏழு நாள் உக்காந்தா உங்க 30 சதவீதத்துல பாதி போச்சு. அதுவும் ஒவ்வொருத்தரா விழ மாட்டாங்க, கொத்தாத்தான் விழுவாங்க. காரணம் வார்டு இல்ல, சாப்பாட்டு அறை. உள்ள முழு கவசத்தோட நிக்கவ, வெளிய வந்து மாஸ்க்கைக் கழட்டி, சன்னல் சாத்தின ஏசி ரூம்ல எட்டு பேரோட ஒரே மேசையில உக்காந்து ஒருத்தருக்க மீனை ஒருத்தர் பிச்சுத் தின்னா என்ன ஆகும்? திறந்த வராந்தாவுல ரெண்டு ரெண்டு பேரா, ஆளுக்கு 20 நிமிஷம். ஹாஸ்டல்லயும் ஒரே ஷிப்ட் ஆட்களை ஒரே அறையில போடுங்க. கலந்து போட்டா ஒரு அறை விழும்போது நாலு ஷிப்டும் ஓட்டையாகும்.

கஞ்சிக்கலயம் · 7 ஜூன், 2.20
மீனைப் பிச்சுத் தின்னாதன்னு குமரி மாவட்டத்துல சொல்லுத ஆளை இப்பத்தான் பாக்கேன்.

பழையாறு · 8 ஜூன், காலை 6.30
ஆறு மணி நேர ஷிப்ட்னு எழுதியிருக்கீங்க. கவரால், அதான் உடம்பு முழுக்க மூடுற கவச உடை, போட்ட உடம்புக்கு அது ஆறு இல்ல. போட 10, 15 நிமிஷம், அடுத்த ஆள்ட்ட பொறுப்பை ஒப்படைக்க 15, கழட்ட 20, குளிக்க 15. ஏழு மணி நேரம் ஆயிரும். மாத்த வர ஆள் 20 நிமிஷம் பிந்தினா உள்ள இருக்கவளுக்கு அது 20 நிமிஷமா தெரியாது, ஏன்னா வெள்ளம் குடிச்சு அதுக்குள்ள ஆறரை மணி நேரம் ஆயிருக்கும்.

நம்ம ஊர் காத்துல ஈரம் கூடுதல். லேமினேட் பண்ணின கவரால்ல காத்து போகாது, வேர்வை ஆறாது, சூடு உள்ளயே நிக்கும். நாலு மணி நேரத்துக்கு மேல தலைவலி, கால்ல தசைப்பிடிப்பு, கவனக்குறைவு எல்லாம் வரும். மருந்து டோஸ் தப்புறது அந்தக் கடைசி மணி நேரத்துலதான். அதனால இப்படிப் பாருங்க: எட்டு மணி நேர டூட்டி, அதுல நாலு உள்ள, நாலு வெளிய. வெளிய இருக்கவங்க கேஸ் ஷீட் எழுதுறது, மருந்து கட்டி அனுப்புறது, வீட்டுக்காரங்களுக்குப் போன், கழட்டுற இடத்துல கண்காணிப்பு.

ரோஸ்டர்க்காரன் · 8 ஜூன், 9.05
கவசக் கிட் செலவு?

பழையாறு · 8 ஜூன், 9.40
நாலு சிஸ்டர், ஒரு டாக்டர், ரெண்டு அட்டெண்டர், ஆக ஏழு பேர். ஆறு மணி நேரமா நிறுத்தினா நாளைக்கு நாலு முறை, 28 கிட். நாலு மணி நேரமா நிறுத்தினா ஆறு முறை, 42. கிழிசலுக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கோங்க. வித்தியாசம் 14 கிட். ஒரு சிஸ்டர் சிறுநீர்த் தொற்றோட அஞ்சு நாள் படுத்தா அந்த 14-ஐ விடச் செலவு.

வாங்கும்போது ரெண்டு சங்கதி. ஒண்ணு, தையல் மேல டேப் ஒட்டியிருக்கணும். 2020-ல கோயம்புத்தூர் சிட்ரா ஜவுளி ஆய்வகத்துல செயற்கை ரத்தம் ஊத்திப் பாத்துத் தேறின துணிக்குத்தான் தனிக் குறியீடு குடுத்தாங்க. பை தைக்கிற துணியில கவரால்னு தைச்சு வித்ததும் அதே காலம்தான். சந்தேகம்னா கைப்பகுதியில வெள்ளம் ஊத்தி பத்து நிமிஷம் தொங்க விடுங்க. தையல்ல கசிஞ்சா தள்ளிருங்க. கசியாட்டி ரத்தத்துக்கும் நிக்கும்னு அர்த்தம் இல்ல, கசிஞ்சா நிக்காதுங்கது உறுதி. ரெண்டாவது, அளவு. எல்லாம் எக்ஸ்எல்-ஆ வாங்கிட்டா அஞ்சடி சிஸ்டருக்குக் கால்ல தட்டும், தலையை மூடுற ஹூடு கண்ணுக்கு மேல வரும், மடக்கி டேப் ஒட்டின இடம் குனியும்போது கிழியும். நூறு வாங்கினா எம்-உம் எல்-உமா 75 இருக்கட்டும்.

மூணாம் ஷிப்ட் · 8 ஜூன், 11.15
வெள்ளக் கணக்கையும் எழுதுங்க. உள்ள போறதுக்கு முந்துன ஒரு மணி நேரத்துல அரை லிட்டர், ஒரேயடியா இல்ல, பைய பைய. வெறும் வெள்ளத்தைவிட உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி நிக்கும். வெளிய வந்ததும் இன்னும் அரை லிட்டர், ஓஆர்எஸ் கலந்து. சாயாவை வெளிய வந்த பிறகு குடிக்கலாம். மூத்திரம் வரும்னு பயந்து மத்தியானத்துல இருந்தே குடிக்காம இருக்கதுதான் பெரிய கேடு. நாலு மணி நேரம்னு உறுதியாத் தெரிஞ்சா பயப்படாம குடிப்பாங்க.

மாதவிடாய் நாள்ல 'வெளிய' டூட்டி மாத்திக்கிட ஒரு வழி வேணும். காரணம் கேக்கப்படாது, ரோஸ்டர் நோட்டுல ஒரு புள்ளி வச்சா போதும். கழட்டுற அறைக்குப் பக்கத்துல கக்கூஸ், நாப்கின், மூடி போட்ட தொட்டி. இதெல்லாம் எழுதாம 'பணியாளர் நலன்'னு என்ன எழுதப் போறீங்க?

கர்ப்பிணி, பால் குடுக்கவங்க, எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்குக் கோவிட் அல்லாத பகுதியில மட்டும் டூட்டின்னு மத்திய அரசே 2020 ஜூன்ல சொல்லியாச்சு. உங்க 24-ல எத்தனை பேர் அப்படி? முதல்ல அதைக் கழிச்சுட்டு எண்ணுங்க.

ரோஸ்டர்க்காரன் · 8 ஜூன், 11.50
நாலு பேர். ஆக 20. அப்பாடாவைத் திரும்ப எடுத்துக்கிடுதேன்.

பழையாறு · 8 ஜூன், மாலை 5.10
கழட்டும்போதுதான் தொற்று ஒட்டும், போடும்போது இல்ல. வெளி கிளவுஸ், ஷூ கவர், கவரால், உள் கிளவுஸ், கூகிள்ஸ், கடைசியா மாஸ்க். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல கை சுத்தம்.

மூணாம் ஷிப்ட் · 8 ஜூன், 5.36
கூகிள்ஸ் ஹூடுக்கு மேலயா உள்ளயா? மேல போட்டிருந்தா அதைக் கழட்டாம ஹூடு வராது.

பழையாறு · 8 ஜூன், 5.50
ஆமா, விட்டுப்போச்சு. மேல போட்டிருந்தா கவராலுக்கு முந்தி, உள்ள போட்டிருந்தா பிந்தி. ஒரு ஆஸ்பத்திரியில எல்லாரும் ஒரே மாதிரி போடணும், இல்லேன்னா சுவத்துல ஒட்டின வரிசை பாதி பேருக்குப் பொருந்தாது. முழு நீளக் கண்ணாடி ஒண்ணு, உக்காந்து ஷூ கவர் கழட்ட ரெண்டு ஸ்டூல். ஒண்ணு அசுத்தப் பக்கம், ஒண்ணு சுத்தப் பக்கம், வேற வேற நிறம். ஒத்தைக் கால்ல நின்னு கழட்டும்போது சுவத்தைப் பிடிக்கதுதான் நடக்கும்.

மூக்குத் தண்டுல புண்ணு வராம இருக்க வாசலின் தடவுவாங்க, அது தப்பு. மாஸ்க் வழுக்கி ஓரம் விலகும். காகித டேப்பை மெல்லிசா ஒட்டிட்டு மாஸ்க் போட்டு, மூச்சை ஊதி ஓரத்துல காத்து கசியுதான்னு பாக்கணும். கூகிள்ஸ்ல ஆவி படியுதுன்னா பாதி நேரம் மாஸ்க்குக்க மூக்குக் கம்பி சரியா அமுங்கலேன்னு அர்த்தம். அதைச் சரி பண்ணாம சோப்பு தடவிக்கிட்டே இருக்கக் கூடாது.

மாஸ்க் தட்டுப்பாடு வந்தா ஆளுக்கு அஞ்சு என்95, அஞ்சு காகிதக் கவர், கவர் மேல பேரும் கிழமையும். பிளாஸ்டிக் கவர்ல போட்டா ஈரம் காயாது. அஞ்சு தடவை போட்டாச்சுன்னா, வார் தளர்ந்தாச்சுன்னா, குப்பை.

கருங்கல் காத்து · 8 ஜூன், இரவு 8.05
எந்தக் குப்பை? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிரிச்சுச் சொன்னது பலருக்கு இன்னும் குழப்பம். மாஸ்க், தலை கவர், ஷூ கவர், பிளாஸ்டிக் இல்லாத கவரால் எல்லாம் மஞ்சள். கூகிள்ஸ், ஷீல்டு, கிளவுஸ், பிளாஸ்டிக் கவரால் சிவப்பு. கழட்டுற அறையில ரெண்டு தொட்டியும் கைக்கெட்டுற தூரத்துல, கால்ல மிதிச்சுத் திறக்கிறதா இருக்கணும். பையை முக்கால்தான் நிறைக்கணும், ரெட்டைப் பை போடணும். அமுக்கி அமுக்கி நிறைச்சா கட்டும்போது பை மூச்சு விடும், அது கட்டுதவருக்க முகத்துல.

அந்தக் கட்டுதவர் பேரு உங்க கணக்குல எங்கயுமே இல்லையே? ஏழு பேர்ல சிஸ்டர், டாக்டர், அட்டெண்டர். துப்புரவுக்காரங்க?

ரோஸ்டர்க்காரன் · 8 ஜூன், 8.20
அது ஏஜென்சி ஆட்கள்.

தோவாளைப் பூ · 8 ஜூன், 9.02
ஏஜென்சி ஆளும் அதே காத்தைத்தான் மூச்சு விடுதாங்க. 2020 மார்ச் 30-ல இருந்து வந்த 50 லட்சம் ரூபாய் காப்பீட்டுல ஒப்பந்த, அவுட்சோர்ஸ் ஆட்களும் உண்டு. ஆனா தனியார்ல இருக்கவங்களுக்கு, கோவிட் பணிக்கு அரசு கேட்டு எடுத்தவங்கன்னு காட்ட வேண்டியிருந்துது. அதுலதான் நிறைய குடும்பம் தொங்கிச்சு. இப்போ அந்தத் திட்டமே இல்ல. அதனால வார்டுக்குள்ள போற எல்லாரும், ஏஜென்சி ஆட்கள் உட்பட, ஒரே வருகைப் பதிவுல கையெழுத்துப் போடணும்: தேதி, உள்ள போன நேரம், வெளிய வந்த நேரம். நாளைக்கு ஏதாச்சும் ஆனா அந்த நோட்டுதான் சாட்சி. மாசம் 21,000 வரைக்கும் வாங்குதவங்களுக்கு இஎஸ்ஐ பிடிக்கதோட நிக்காதீங்க, கார்டு கையில இருக்கான்னு பாருங்க. நோய் விடுப்புக்கு 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும்.

சிலிண்டர் சங்கதி · 9 ஜூன், காலை 7.15
ஒருத்தரும் ஆக்சிஜனைத் தொடலையே. டி சிலிண்டர் ஒண்ணுல 7,000 லிட்டர். நிமிஷத்துக்கு 10 லிட்டர்னா 11 மணி 40 நிமிஷம் வரும். பயப்பட ஒண்ணும் இல்ல.

சிலிண்டர் சங்கதி · 9 ஜூன், 7.22
அது ஒரு ஆளுக்கு. 20 ஆளுக்கு நிமிஷம் 200 லிட்டர், ஒரு சிலிண்டர் 35 நிமிஷம். நாளைக்கு 42 சிலிண்டர். தூக்கக் கலக்கத்துல எழுதினேன், பொறுத்துக்கோங்க.

42 சிலிண்டரை யார் மாத்துதா? ஒவ்வொண்ணும் 60 கிலோவுக்கு மேல. ராத்திரி ரெண்டு மணிக்கு வார்டு அட்டெண்டரைக் கூப்பிட்டு மாத்தச் சொன்னா முதுகு போகும், ஸ்பானரைக் காணாது, வாஷர் விட்டுப்போய் சீறும். உள்ள நிக்க சிஸ்டருக்கு அந்தச் சத்தம் கேட்டா நெஞ்சு படபடக்கும். ஷிப்டுக்கு ஒரு ஆள் மேனிபோல்டுக்கு (சிலிண்டரை எல்லாம் வார்டுக் குழாயோட சேக்குற அமைப்பு) மட்டும். ரெண்டு வரிசை, ஒண்ணு ஓடும்போது ஒண்ணு தயார். தீந்ததுல 'காலி'ன்னு அட்டை. கையில எண்ணெய், கிரீஸ் இருக்கவே கூடாது. அரை மணிக்கு ஒரு தடவை அழுத்தத்தைப் பலகையில எழுதி, அந்தப் பலகை சிஸ்டர் நிக்க இடத்துல இருந்து தெரியணும். எத்தனை நேரத்துக்கு இருக்குன்னு தெரியாம நிக்கதுதான் மனசைத் தின்னும்.

திரவமா வந்தா ஒரு லிட்டர் 860 லிட்டர் வாயு, உங்களுக்கு நாளைக்கு 335 லிட்டர் போதும். 2021-ல நம்ம ஆரல்வாய்மொழி தாண்டி மகேந்திரகிரி இஸ்ரோ மையத்துல இருந்தே தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் திரவ ஆக்சிஜன் போச்சு. ஆனா டேங்க் இல்லாத 30 படுக்கை ஆஸ்பத்திரிக்கு ராக்கெட் மையம் பக்கத்துல இருந்து என்ன?

கஞ்சிக்கலயம் · 9 ஜூன், 8.00
ராக்கெட்டுக்குப் போறதை மூக்குல வச்சும் மனுசன் படுத்திருக்கான்னா, மார்த்தாண்டம் பாலத்துல போக்குவரத்து நெரிசல்தான் காரணமா இருக்கும்.

பழையாறு · 9 ஜூன், 9.25
காத்தோட்டமும் பணியாளர் நலன்தான். வார்டு 10 மீட்டர், 6 மீட்டர், உயரம் 3 மீட்டர்னா 180 கன மீட்டர். மணிக்கு 12 தடவை காத்து மாறணும்னா 2,160 கன மீட்டர். எக்ஸாஸ்ட் ஃபேன் தகட்டுல எழுதியிருக்கதைப் பாத்து அதுக்கு ஏத்தபடி வாங்குங்க. ஸ்பிளிட் ஏசி உள்ள இருக்க காத்தையே சுத்தும், வெளிக்காத்தைக் கொண்டு வராது. சிஸ்டர் நிக்க மேசை காத்து உள்ள வர பக்கம், நோயாளி தலைமாடு வெளிய போற பக்கம். ஆசாரிப்பள்ளத்துல பழைய காசநோய் ஆஸ்பத்திரி இருந்த காலத்து ஆட்களுக்கு இது புதுசு இல்ல: உயரமான கூரை, எதிரெதிர் சன்னல், நீள வராந்தா.

தரை துடைக்க ஒரு சதவீத ஹைப்போ, அதான் சோடியம் ஹைப்போகுளோரைட். 5 சதவீதக் கரைசல்னா ஒரு பங்குக்கு நாலு பங்கு வெள்ளம். பிளீச்சிங் பவுடர்னா லிட்டருக்கு 30 கிராம்.

கருங்கல் காத்து · 9 ஜூன், 9.50
30 சதவீதக் குளோரின் இருந்தா 33 கிராம். திறந்து வச்ச சாக்குல பாதிதான் மிஞ்சும், அதனால சாக்குல தேதி எழுதணும். காலையில கலக்கினதைச் சாயங்காலம் நம்பாதீங்க. கக்கூஸ் ஆசிட்டோட கலந்தா குளோரின் வாயு வரும், அந்த அறையில நிக்க முடியாது. மனுசன் மேல அடிக்கவே கூடாது. 2020 ஏப்ரல்ல சந்தை வாசல்ல சுரங்கம் மாதிரி கட்டி ஆள் மேல தெளிச்சாங்க, அதே மாசம் 18-ம் தேதி மத்திய அமைச்சகம் வேண்டாம்னு சொல்லிட்டுது.

மூணாம் ஷிப்ட் · 9 ஜூன், இரவு 9.30
போக்குவரத்து. 2020 மார்ச் 24 சாயங்காலம் ஆறு மணிக்கு பஸ் நின்னதும் ரோஸ்டர் எல்லாம் காகிதமாப் போச்சு. ரெண்டு வேன் பேசி வைங்க: ஒண்ணு கொல்லங்கோடு, நித்திரவிளை, புதுக்கடை வழி, இன்னொண்ணு குலசேகரம், திருவட்டாறு, ஆற்றூர் வழி. பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் வீடு உள்ளவங்களை எல்லைக்கு இந்தப் பக்கம் தங்க வைக்க இடம் வேணும். களியக்காவிளை சாவடியில இ-பாஸுக்கு நிக்கவளை எதிர்பாத்து உள்ள ஒருத்தி கவராலோட நிப்பா.

தோவாளைப் பூ · 9 ஜூன், 10.10
வாடகை வீட்டுல இருந்து கிளப்புறதும் நடந்துது. 2020 ஏப்ரல் 22 அவசரச் சட்டம், பிறகு செப்டம்பர்ல சட்டமாச்சு: அடிக்கது மட்டும் இல்ல, மருத்துவப் பணியாளர் குடியிருக்க, வேலை செய்ய முடியாதபடி தொந்தரவு பண்றதும் வன்முறைதான். மூணு மாசத்துல இருந்து அஞ்சு வருஷம் சிறை, 50,000 முதல் ரெண்டு லட்சம் அபராதம், ஜாமீன் தானா கிடைக்காது, கோர்ட்டுதான் முடிவு பண்ணும். புகார் குடுக்க சிஸ்டர் தனியா அலையக் கூடாது, ஆஸ்பத்திரி பேர்ல கடிதம் போகணும். கடித மாதிரியை இப்பவே அடிச்சு வைங்க.

பணம் பத்தியும் ஒரு வரி. 2021-ல தமிழ்நாடு அரசு ஏப்ரல் முதல் ஜூன் வரை மூணு மாசத்துக்கு ஊக்கத்தொகை அறிவிச்சுது, டாக்டருக்கு 30,000, செவிலியருக்கு 20,000, மத்தவங்களுக்கு 15,000. தனியார்ல அது கிடையாது. நீங்க தரப்போறது என்னன்னு தொகையும் தேதியும் போட்டு எழுதுங்க. கோவிட்டுக்குன்னு அரசு எடுத்த ஒப்பந்த சிஸ்டர்மாரை 2022 டிசம்பர் 31-ஓட நிறுத்தினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. 'அவசரம் முடிஞ்சா நீ யாரு'ன்னு கேக்க மாட்டோம்னு எழுத்துல இருந்தாத்தான் ஆள் வருவா.

ரோஸ்டர்க்காரன் · 10 ஜூன், காலை 8.40
அப்போ கவுன்சிலிங் வரியை எடுத்துரட்டா?

மூணாம் ஷிப்ட் · 10 ஜூன், 9.15
நேத்து கேட்டிருந்தா எடுங்கன்னு சொல்லியிருப்பேன். ராத்திரி யோசிச்சதுல அதுவும் சரியில்ல. ரோஸ்டர், வெள்ளம், வேன் எல்லாம் சரியா இருந்தாலும் ஒரு ஷிப்ட்ல மூணு பேர் போனா, அதை வீட்டுக்குப் போன்ல சொன்னது ஒரே ஆளா இருந்தா, அது தூக்கத்துல வரும். அதனால இறப்புச் செய்தி சொல்றது டாக்டர், பக்கத்துல ஒரு ஆள். ஒரே ஆள் தொடர்ந்து ரெண்டு நாள் சொல்லக் கூடாது. ஐசியுவுல ரெண்டு வாரத்துக்கு மேல ஒருத்தரை நிறுத்தாதீங்க. ஷிப்ட் முடிஞ்சு கழட்டிக் குளிச்ச பிறகு பத்து நிமிஷம் உக்காரணும், என்ன நடந்துதுன்னு மட்டும் பேசணும், யார் தப்புன்னு பேசக் கூடாது. கண்காணிப்பாளர் அங்க நோட்டு எடுத்துட்டு வரப்படாது.

மனநலத்துக்கு டெலி மானஸ் 14416 உண்டு, 104-ம் உண்டு. நம்பரை நோட்டீஸ் போர்டுல ஒட்டாதீங்க, அங்க நின்னு யாரும் குறிக்க மாட்டா. கக்கூஸ் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்க. யோகா ஆஃப் நாள்ல வேண்டாம்.

ரோஸ்டர்க்காரன் · 11 ஜூன், மாலை 6.20
திருத்தினது: 20 படுக்கை இல்ல, 12. உள்ள நாலு மணி நேரம், ஷிப்டுக்கு மூணு சிஸ்டர் உள்ள, ஒரு சிஸ்டர் வெளிய. துப்புரவுக்கு ரெண்டு பேர், அதே நோட்டுல கையெழுத்து. மேனிபோல்டுக்குத் தனி ஆள். வேன் ரெண்டு.

மூணாம் ஷிப்ட் · 11 ஜூன், 6.41
நாலு மணி நேரம் உள்ள, மூணு பேர்னா நாளைக்கு 18 தடவை ஆள் உள்ள போகணும். எட்டு மணி டூட்டியில ஒருத்தி ஒரு தடவைதான் போவா. அப்போ நாளைக்கு 18 பேர், வெளிய நிக்கது அவங்களேதான், தனியா ஒருத்தி வேண்டாம். 18 × 7 ÷ 6 = 21. கையில 20.

ரோஸ்டர்க்காரன் · 11 ஜூன், 6.44
10 படுக்கை.

மூணாம் ஷிப்ட் · 11 ஜூன், 6.45
கொள்ளாம். அப்போ ரெண்டு பேர் உள்ள, 12 பேர், ஆஃபோட 14, கையிருப்போட 18.2. மிச்சம் ஒண்ணே முக்கால் சிஸ்டர்.

கஞ்சிக்கலயம் · 11 ஜூன், 7.10
அந்த முக்கால் சிஸ்டருக்கு எந்த அளவு கவரால்?

பழையாறு · 11 ஜூன், 7.30
எம். நாளைக்குக் கடைக்காரன்ட்ட பேசும்போது தையல் டேப்பைக் கேக்க மறந்துராதீங்க.